ஹோமியோ 30 பவர்: பாட்டிலில் என்ன இருக்கிறது, அதைச் சோதிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் டூ வேதியியல் எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டது இது. மோல் கணக்கு நடத்தும்போது, ஹோமியோ 30 பவர் மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது என்று சொல்லியிருக்கிறார். உடனே ஒரு மாணவி எழுந்து, "எங்கப்பா ஹோமியோ டாக்டர். ஃபிரான்ஸ்ல ஒரு விஞ்ஞானி இது வேலை செய்யும்னு நிரூபிச்சு நேச்சர் இதழ்லயே வந்துச்சு. அப்புறம் ஒரு மேஜிக்காரரை அனுப்பி அவரை அசிங்கப்படுத்திட்டாங்க. ஐஐடி பம்பாய்ல இதுக்குள்ள நானோ துகளே கண்டுபிடிச்சிருக்காங்கன்னு அப்பா சொல்றாங்க" என்றிருக்கிறாள். இதெல்லாம் உண்மையா, பள்ளியிலேயே இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா என்பது டீச்சரின் கேள்வி.

டீச்சர், நேச்சரில் கட்டுரை வந்ததும் ஐஐடியில் துகள் தெரிந்ததும் நடந்தவைதான். அதனால் அவளை "உட்கார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கான பதில் மோல் கணக்கோடு முடிவதில்லை, அங்கே தொடங்குகிறது. நான் தண்ணீரும் பாலும் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு நீர் அல்லது ஸ்பிரிட் சேர்த்துக் குலுக்கினால் அது 1சி. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி 99 பங்கில் விட்டால் 2சி. ஒவ்வொரு படியிலும் நூறில் ஒன்றாகக் குறையும். சாப்பாட்டு உப்பில் ஒரு மோல், அதாவது 58.5 கிராம், எடுத்துத் தொடங்கினால் அதில் 6.022 × 10^23 அலகுகள் இருக்கும். 12சி வரும்போது 10^24 மடங்கு நீர்த்துவிடும். சராசரியாக ஒரு அலகுகூட மிஞ்சாது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 பவர், அதாவது 30சி, என்பது 10^60 மடங்கு. அந்த விகிதத்தில் ஒரே ஒரு மூலக்கூறாவது கையில் கிடைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏறக்குறைய 3 × 10^34 கிலோ வரும். சூரியனின் எடை 2 × 10^30 கிலோ. அதாவது 15,000 சூரியன் எடையுள்ள தண்ணீர். 200 பவருக்கு 10^400 மடங்கு. அதை ஒப்பிட்டுச் சொல்ல அண்டத்தில் பொருளே போதாது.

இதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் இது வராது. ஆய்வகத்தில் கிடைக்கும் மிகச் சுத்தமான நீரிலும் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் ஏதேதோ இருக்கும். கண்ணாடிப் புட்டியிலிருந்தே சோடியமும் சிலிக்காவும் போரானும் நீரில் கொஞ்சம் இறங்கும். லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால் 6சி. ஆக 6சியைத் தாண்டிய பிறகு புட்டியில் இருக்கும் வேண்டாத பொருள்கள் மருந்தைவிட அதிகம். உப்பை நீர்த்து நீர்த்துக் கொண்டுபோகும் ஒருவர், கண்ணாடியிலிருந்து இறங்கிய சோடியத்தைக் கூடவே குலுக்கிக்கொண்டிருக்கிறார். மருந்தே மிஞ்சாவிட்டாலும் தண்ணீர் அதை நினைவில் வைத்திருக்கும் என்பார்கள் ஹோமியோ தரப்பினர். அப்படியானால் எதை நினைவில் வைத்துக்கொள்வது, எதை மறப்பது என்று தண்ணீருக்கு யார் சொல்வது?

நினைவு என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலைபோல இருப்பது உண்மை. அந்த வலை எவ்வளவு நேரம் ஒரே அமைப்பில் நிற்கும் என்பதை அளந்திருக்கிறார்கள். 2005இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த அளவீட்டின்படி, சுமார் 50 ஃபெம்டோ வினாடியில் அமைப்பு கலைந்துவிடுகிறது. ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியின் கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதையும் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் பங்கு.

சரி, இவ்வளவும் கோட்பாடு. கோட்பாட்டில் முடியாது என்பதற்காக ஒன்று நடக்காது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணின் அப்பா இங்கேதான் நிற்கிறார், அவர் நிற்பதில் தவறில்லை. "உங்கள் கணக்கு எப்படியோ போகட்டும், சோதனையில் வேலை செய்திருக்கிறதே" என்கிறார். அப்படியென்றால் சோதனையைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் சொன்ன ஃபிரான்ஸ் விஞ்ஞானி ஜாக் பென்வெனிஸ்ட். அவர் சாதாரண ஆள் இல்லை. பாரிஸை ஒட்டிய கிளமார்ட்டில், இன்செர்ம் என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் 200ஆம் பிரிவுக்குத் தலைவர். 1970களின் தொடக்கத்தில் ரத்தத் தட்டணுக்களைத் தூண்டும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து, நோய் எதிர்ப்பியலில் நல்ல பெயர் வாங்கியவர். அவருடைய குழுவின் கட்டுரை 1988 ஜூன் 30 நேச்சர் இதழில் வந்தது. எலிசபெத் தவெனாஸ் முதல் பெயர். இஸ்ரேல், இத்தாலி, கனடா ஆய்வகத்தாரும் கூட்டு.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை அந்த விவரத்தில்தான் இருக்கிறது. ரத்த வெள்ளணுக்களில் பேசோஃபில் என்று ஒரு வகை உண்டு. நூறில் ஒன்றுகூடத் தேறாது. அதற்குள் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் நிறைந்த சிறு மணிகள் இருக்கும். டொலுயிடின் நீலம் என்ற சாயம் போட்டால் அந்த அணு சிவந்து தெரியும். ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்துக்கு எதிரான சீரத்தைச் சேர்த்தால் மணிகள் வெளியே கொட்டிவிடும், அப்புறம் அந்த அணு சாயம் ஏறாமல் கண்ணில் படாது. ஆக மைக்ராஸ்கோப்பில் சிவந்த அணுக்களை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் சீரம் வேலை செய்தது என்று பொருள். இது மறுப்பில்லாத வேதியியல். பென்வெனிஸ்ட் குழு சீரத்தை 10^120 மடங்கு வரை நீர்த்து, அப்போதும் அணுக்கள் குறைகின்றன என்றது. நீர்க்க நீர்க்க விளைவு மறைந்து, மறுபடி வந்து, மறுபடி மறைகிறது, அலை மாதிரி.

நேச்சரின் ஆசிரியர் ஜான் மாடக்ஸ் அதைப் போட்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: நாங்கள் வந்து நேரில் பார்ப்போம். ஜூலையில் மூன்று பேர் போனார்கள். மாடக்ஸ், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஸ்டூவர்ட், மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி. மேஜிக்காரர் எதற்கு என்று கேட்பது நியாயம். ஏமாற்று நடந்தால் விஞ்ஞானியைவிட அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அங்கே யாரும் ஏமாற்றவில்லை. ஆய்வகம் வெளிப்படையாக இருந்தது, கேட்ட நோட்டுப் புத்தகத்தை எல்லாம் எடுத்துக் கொடுத்தது. இதை மாணவியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பென்வெனிஸ்ட் பொய்யர் என்று யாரும் நிறுவவில்லை.

முதலில் வழக்கம்போல, சோதனைத் தட்டின் எந்தக் குழியில் எது என்று தெரிந்தே மூன்று சோதனைகள். விளைவு வந்தது. அடுத்து எண்ணுபவருக்கு மட்டும் மறைத்து ஒன்று. அதிலும் வந்தது! அங்கேயே நிறுத்தியிருந்தால் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் மறைப்பை இன்னும் இறுக்கினார்கள். எது மருந்து, எது வெறும் நீர் என்ற குறியீட்டுத் தாளை அலுமினியத் தாளில் சுற்றி, உறையிலிட்டு ஒட்டி, ஆய்வகத்தின் கூரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டிவிட்டார்கள். தயாரிப்பவர், குழியில் விடுபவர், எண்ணுபவர் யாருக்கும் எது எதுவென்று தெரியாமல் மூன்று சோதனைகள். கூரையிலிருந்து உறையை இறக்கிப் பிரித்தபோது விளைவு இல்லை. மருந்து விட்ட குழியும் வெறும் நீர் விட்ட குழியும் ஒன்றுபோலவே இருந்தன.

என்னை மிகவும் பாதித்தது அந்த அறிக்கையில் இருக்கும் வேறொரு விவரம். ஒரே மாதிரியை இரண்டு முறை எண்ணினால் இரண்டு எண்ணும் ஒன்றாக வராது. சராசரி 80 அணு என்றால், தற்செயலாகவே 70ம் வரும், 90ம் வரும். வர்க்கமூலக் கணக்குப்படி ஒன்பது முன்னே பின்னே போவது சாதாரணம். பென்வெனிஸ்ட் ஆய்வகத்தின் நோட்டுகளில் இரட்டை எண்ணிக்கைகள் அதைவிட நெருக்கமாக, இயற்கை அனுமதிக்கும் அளவைவிட ஒத்துப்போயிருந்தன. கடைசியில் உண்மையாக மறைத்து எண்ணியபோது எண்கள் இயல்பாகச் சிதறின. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த எவருக்கும் இதன் பொருள் உடனே புரியும். முதல் எண் தெரிந்தவரின் கண், இரண்டாவது தடவை எண்ணும்போது அதை நோக்கிச் சாய்கிறது. பாதி சிவந்த, ஓரத்தில் கிடக்கும் அணுவைச் சேர்ப்பதா விடுவதா என்ற இடத்தில் கை தானாக முடிவெடுக்கிறது. மனதறிந்த பொய் இதில் துளியும் வேண்டாம். நேர்மையான, சாமர்த்தியமான ஆளுக்கே இது நன்றாக நடக்கும், ஏனென்றால் அவர் என்ன வர வேண்டும் என்று தெளிவாக அறிந்தவர்.

அப்புறம் இன்னும் சில இருந்தன. சில பேரின் ரத்தம் "வேலை செய்யாது" என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மாதக்கணக்கில் விளைவு வராத காலங்கள் இருந்தன, அவை கட்டுரையில் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கட்டுரை ஆசிரியர்களில் இருவரின் சம்பளம் ஒரு ஹோமியோபதி மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தது. ஜூலை 28 இதழில் நேச்சர் தன் அறிக்கையைப் போட்டது. பென்வெனிஸ்டும் அதே இதழில் கடுமையாகப் பதில் எழுதினார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வந்த மூவரில் நோய் எதிர்ப்பியல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு வாரம்கூட முழுதாக இல்லாத நேரம், கூட்டம், பரபரப்பு. ஒரு கட்டுரையை வெளியிட்டுவிட்டு அப்புறம் சோதிக்கப் போவது முறையும் இல்லை. வெளியிடுவதற்கு முன்பே தொடர்பில்லாத ஓர் ஆய்வகத்திடம் கொடுத்து, மாதக்கணக்கில் நிதானமாகச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் 1988 கதையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதற்குப் பிறகு கேமரா இல்லாமல் நடந்தவை முக்கியம். நெதர்லாந்தில் ஒரு குழு 1992இல் செய்து பார்த்தது, விளைவு இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஹிர்ஸ்ட், ஃபோர்மன் குழு பென்வெனிஸ்டின் செய்முறையை முடிந்தவரை அப்படியே பின்பற்றி, மறைத்து, நிறைய மாதிரிகளில் செய்தது. 1993இல் நேச்சரிலேயே வந்தது. விளைவு இல்லை. மேஜிக்காரரால்தான் கெட்டது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்துவிடவும் இல்லை. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேடலின் எனிஸ் முதலில் நம்பாதவர். பெல்ஜியம், ஃபிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து என நான்கு நாட்டு ஆய்வகங்களோடு சேர்ந்து அதே பேசோஃபிலில் நீர்த்த ஹிஸ்டமினை வைத்துச் செய்தார். கண்ணால் எண்ணுவதன் சிக்கலைத் தவிர்க்கக் கருவியாலும் எண்ணினார்கள். சிறிய விளைவு தெரிந்தது, அதை ஒளிக்காமல் எழுதினார்கள். 2004இல் கட்டுரை வந்தது. அது வெளிவருவதற்கு முன்பே, 2002இல் பிபிசி தொலைக்காட்சி அதே சோதனையைத் தனியாகச் செய்ய ஏற்பாடு செய்தது. ராயல் சொசைட்டியின் ஜான் எண்டர்பி மேற்பார்வை, புள்ளியியல் கணக்குக்கு மார்ட்டின் பிளாண்ட். நீரும் மருந்தும் பிரித்தறிய முடியாதபடி வந்தன. அது தொலைக்காட்சிக்குச் செய்தது, எங்கள் முறைப்படி இல்லை என்று எனிஸ் தரப்பு சொன்னது. சரி என்றே வைத்துக்கொள்வோம். 2005இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், மாற்று மருத்துவத்தை ஆராயும் துறையைச் சேர்ந்தவர்களே அதைத் திரும்பச் செய்தார்கள். வர வேண்டும் என்ற ஆசை இருக்கக்கூடியவர்கள். அவர்களுக்கும் வரவில்லை. சோதனை அமைப்பில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகளைக் கட்டுப்படுத்தாவிட்டால் அவையே முடிவைப் புரட்டிவிடும் என்று எழுதினார்கள். இவ்வளவு கதையிலும் எனக்கு மிகவும் மதிப்பாகத் தெரிவது இந்தக் கட்டுரைதான்.

பென்வெனிஸ்ட் பிற்பாடு, நீரின் செய்தியைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து இன்னொரு ஊருக்கு அனுப்பி அங்கே உள்ள நீரில் ஏற்றலாம் என்றார். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையின் பணத்தில் அதையும் சோதித்தார்கள். ஹோமியோபதியில் ஈடுபாடு உள்ள வேய்ன் ஜோனாஸ் முதல் ஆசிரியர், 2006இல் வெளிவந்தது. சில நேரம் விளைவு வருவதுபோல இருந்தது, ஆனால் அது ஒரு குறிப்பிட்ட ஆள் செய்தபோது வந்தது. கட்டுப்பாட்டை இறுக்கியதும் திரும்ப வரவில்லை.

இப்போது ஐஐடி பம்பாய். ஜயேஷ் பெல்லாரே குழுவின் கட்டுரை 2010இல் ஹோமியோபதி என்ற பெயருள்ள இதழில் வந்தது. தங்கம், வெள்ளி, செம்பு, தகரம், துத்தநாகம், பிளாட்டினம் ஆகிய உலோகங்களில் செய்த கடை மருந்துகளை வாங்கி, 6சி, 30சி, 200சி மூன்றையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உலோக நானோ துகள்கள் தெரிந்தன. குலுக்கும்போது வரும் நுரைக் குமிழில் துகள் ஒட்டி மேலே மிதந்து, அந்த மேல் பகுதியே அடுத்த படிக்குப் போகிறது என்பது அவர்கள் விளக்கம். நல்ல கருவி, நல்ல கல்லூரி, துகள் இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் டீச்சர், அந்தக் கட்டுரை மாணவியின் அப்பாவுக்கு உண்மையில் உதவுகிறதா என்று பாருங்கள். 6சிக்கு மேல் 200சி வரை உலோகத்தின் அளவு பெரிதாகக் குறையவில்லை என்கிறார்கள். அப்படியானால் 30க்கும் 200க்கும் வேறுபாடு என்ன? பவர் கூடக் கூட மருந்தின் வீரியம் கூடும் என்ற அவர்களுடைய அடிப்படை விதிக்கே அது எதிராகப் போகிறது. அப்புறம், கரையாத உலோகத் துகள் குமிழில் ஒட்டலாம். கரைந்துபோன உப்பு ஒட்டுமா? நேட்ரம் மியூர் என்பது நம் சாப்பாட்டு உப்புதான். அது நீரில் அயனியாகப் பிரிந்துவிடும், மிதக்கத் துகளே இல்லை. செடிச் சாற்றில் செய்த மருந்துகளுக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு துகள் இருப்பதும் அது நோயைத் தீர்ப்பதும் வேறு வேறு. எங்கள் கூடத்துக்கு வரும் கிணற்று நீரில் என்னென்னவோ நுண்ணிய அளவில் இருக்கும். இருக்கிறது என்பதற்காக அதை மருந்து என்று எழுதிக் கொடுக்க மாட்டோம்.

மனிதர்களிடம் செய்த சோதனைகளை அதிகம் விரிக்கவில்லை. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் 110 ஹோமியோ ஆய்வுகளையும் 110 வழக்கமான மருத்துவ ஆய்வுகளையும் ஒப்பிட்டார்கள். பெரிய, தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் ஹோமியோவின் விளைவு வெற்று மாத்திரையோடு ஒத்துப்போனது. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் 2015இல் எந்த நோய்க்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. நம் பக்கம் இது வெறும் புத்தக விஷயம் இல்லை. கோவிட் காலத்தில் ஆயுஷ் அமைச்சகம் ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோ மருந்தைப் பரிந்துரைத்தது, 2021இல் கேரளத்தில் பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ வீடுகளில் அந்தச் சீனி உருண்டைப் புட்டி இருந்தது. புட்டி இருக்கிறதே என்று முகக்கவசத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சோதிப்பது எனக்கு வெறும் ஆர்வம் அல்ல.

பள்ளியில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். 1835இலேயே ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து மக்கள் செய்திருக்கிறார்கள். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் அப்போது உயிரோடுதான் இருந்தார். உப்பை 30 படி நீர்த்தால் ஆரோக்கியமானவருக்கும் அறிகுறி தெரியும் என்று ஒரு ஹோமியோபதி மருத்துவர் சவால் விட்டார். ஊர்க்காரர்கள் ஒரு விடுதியில் பொதுக் கூட்டம் கூட்டினார்கள். நூறு புட்டிகளைக் கலைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் காய்ச்சி வடித்த பனிநீர், மறு பாதியில் அதே பனிநீரில் செய்த 30 பவர் உப்பு. எந்த எண்ணில் எது என்ற பட்டியலை முத்திரையிட்டு வைத்துவிட்டு, விரும்பியவர்களுக்குக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து 50 பேர் பதில் சொன்னார்கள். 42 பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ தெரிந்த 8 பேரில் 5 பேர் குடித்தது உப்பு மருந்து, 3 பேர் குடித்தது வெறும் நீர். யாருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்த சோதனைகளில் இவ்வளவு ஒழுங்காக அவ்வளவு முன்பே நடந்தது வேறில்லை என்றே சொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். அது தேவையும் இல்லை. நான் சொல்வது இப்படி. மாணவியின் அப்பாவையே கூப்பிடுங்கள், மரியாதையாக. எதிர்த்தரப்பாக வேண்டாம், கூடச் செய்பவராக வரட்டும். நேட்ரம் மியூர் 30ஐ அவரே தன் கையால், தன் முறைப்படி தயாரிக்கட்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும் வெறும் நீரையும் அவரே, அதே புட்டியில், அதே தடவை குலுக்கித் தரட்டும். இந்தக் குலுக்கல் முக்கியம். குலுக்கிய மருந்தையும் குலுக்காத தண்ணீரையும் ஒப்பிட்டால் கரைந்த காற்றும் கண்ணாடியிலிருந்து இறங்கியதும்கூட வேறுபாடு காட்டலாம். ஸ்பிரிட் இரண்டிலும் ஒரே அளவு, அல்லது இரண்டிலும் கிடையாது. மூடியின் இறுக்கம், நீர் மட்டம், வாசனை எதிலும் வேறுபாடு தெரியக் கூடாது. எங்கள் கூடத்தில் மறைத்த மாதிரி அனுப்பும்போது, லேபிள் ஒட்டிய கோணத்தை வைத்தே எது எதுவென்று கண்டுபிடித்துவிடும் ஆட்கள் இருந்தார்கள்.

இருபது புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் மருந்து, பூ விழுந்தால் நீர். பத்துக்குப் பத்து என்று வைக்க வேண்டாம், வைத்தால் கடைசிப் புட்டிகளை எண்ணியே ஊகித்துவிடலாம். இதைச் செய்பவர் வகுப்புக்கும் டாக்டருக்கும் தொடர்பில்லாத ஒருவராக இருக்கட்டும், உதாரணமாகக் கணக்கு டீச்சர். புட்டிகளை வைத்துவிட்டு அவர் அன்று முழுக்க உங்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால் வண்டிகளின் மாதிரியைப் பரிசோதிப்பவர் வண்டிக்காரரிடம் கேட்டு எழுதுவதில்லை, அதேதான் இது.

அப்புறம் டாக்டருக்கு ஒரு மாதம் கொடுங்கள். பச்சைப் பயறு முளைக்க வைத்துப் பார்க்கட்டும், தன் உடம்பில் பார்க்கட்டும், எந்த வழியானாலும் சரி. எது மருந்து, எது நீர் என்று இருபதுக்கும் எழுதித் தரட்டும். பிள்ளைகளும் தனியாகப் பயறு முளைக்க வைத்து நீளம் அளக்கலாம். அளக்கும்போது ஒரே விதி: எந்தப் பயறைச் சேர்ப்பது, அழுகியதை என்ன செய்வது என்று முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

வெறும் ஊகத்தில் இருபதுக்குப் பதினைந்தோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, சரியாகச் சொன்னால் 48இல் ஒன்று. பத்தோ பதினொன்றோ வந்தால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து வந்தால் உற்சாகப்படலாம், ஆனால் பத்திரிகைக்குப் போகக் கூடாது. 48 பள்ளிகள் இதைச் செய்தால் ஒன்றில் அது தற்செயலாகவே வரும், அந்த ஒரு பள்ளியின் செய்திதான் வாட்ஸ்அப்பில் சுற்றும், மற்ற 47 பள்ளிகள் பேசவே மாட்டா. அதனால் புதிதாக நாணயம் சுண்டி, புதிய புட்டிகளில் இரண்டாம் சுற்று. இரண்டிலும் பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால் வாய்ப்பு சுமார் 2,300இல் ஒன்று. அப்படி வந்தால் எனக்குச் சொல்லுங்கள், மூன்றாவது சுற்றை நான் வேறொரு ஆய்வகத்தில் ஏற்பாடு செய்கிறேன். மனதார முயற்சி செய்வேன், அது உண்மையாக இருந்தால் வேதியியலையே திருத்தி எழுத வேண்டிவரும்.

தொடங்கும் முன் ஒரு காகிதம் எழுதுங்கள். எத்தனை சரி வந்தால் டாக்டர் தன் கருத்தை மாற்றிக்கொள்வார், எத்தனை வந்தால் நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். குறியீட்டு உறையின் ஓரத்திலும் இரண்டு கையெழுத்து. உறையைத் தலைமை ஆசிரியர் பீரோவில் வைக்கலாம். என்னிடம் வைக்க வேண்டாம், என் கருத்து எது என்று டாக்டருக்கு இதைப் படித்ததும் தெரிந்துவிடும். கடையில் கிடைக்கும் ஆர்சனிகத்தின் குறைந்த பவர்களையோ, நீர்க்காத மூலக் கரைசலான மதர் டிங்சரையோ பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், அவற்றில் உண்மையாகவே மூலப்பொருள் இருக்கும். உப்பு போதும். வகுப்பில் யார் குறிப்பு எழுதுவது என்று கேட்டால், எழுந்து கேட்ட அந்தப் பெண்ணையே நோட்டுப் புத்தகம் எழுத வைத்துவிடுங்கள்.